ஒரு கட்டம் தள்ளி

பேசிக்கொண்டிருக்கும்போதே பூங்கோதை பாதியில் நின்றுபோவது அந்தக் கோடையில்தான் அதிகமானது. "நேத்து பால்காரர் வந்தப்ப..." என்று தொடங்குவாள். பிறகு வாய் லேசாகத் திறந்தபடியே இருக்கும். கண்கள் சுவரில் எதையோ தேடும். மாதேஸ்வரன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் காத்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்து, "...அரை லிட்டர் குறைச்சுக்கச் சொன்னேன்" என்று முடிப்பாள். நடுவில் ஓர் இடைவெளி விழுந்தது அவளுக்கும் தெரியும். இருவருமே தெரியாததுபோல் இருந்துகொண்டார்கள்.

அவள் ஒரு காலத்தில் வடவள்ளிப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. மகள் தூரிகா பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் புதிய நினைவுகளைச் சேர்த்துவைக்கும் இடம் மூளையில் கருகிப்போயிருந்தது. காய்ச்சலுக்கு முந்தைய வாழ்க்கை முழுதும் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு நடப்பது எதுவும் சில நிமிடங்களுக்கு மேல் தங்கவில்லை. மருத்துவர்கள் அவள் காதுக்குப் பின்னால் சிப் எனப்படும் ஒரு சில்லைப் பொருத்தினார்கள். அவள் காண்பதையும் கேட்பதையும் அது வைஃபை வழியாக வீட்டுக் கூடத்திலிருந்த ஒரு சேமிப்புப் பெட்டிக்கு அனுப்பும். எதையாவது நினைக்க முயன்றால் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும். டிபன் கேரியர் உயரம்கூட இல்லாத அந்தக் கறுப்புப் பெட்டிதான் காய்ச்சலுக்குப் பிந்தைய பூங்கோதை.

பெட்டியின் அலை எட்டும் தூரம் வரைதான் அவள் போக முடியும். வாசல் கேட், மொட்டை மாடி, பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர். அதைத் தாண்டினால் எதற்குக் கிளம்பினோம் என்பதே மறந்துவிடும். தூரிகா ஸ்கூட்டரில் கல்லூரிக்குப் போகும் வழியில் தடாகம் ரோட்டில் லாரி மோதி இறந்தபோது, தெருவிலிருந்த பெண்கள்கூட மின்மயானம் வரை போனார்கள். பெற்றவள் மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பேச்சு இப்படி நின்றுபோவதைச் சொன்னதும் பெட்டியைப் பார்க்க வந்தவள் ஃபர்ஹானா. இதுபோன்ற நினைவுப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பதற்கென்றே உரிமம் வாங்கியவள். மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நடுவுல டிஸ்க் மாத்துனீங்களா சார்?"

"ஆமாங்க. பாப்பா காலேஜ் சேர்ந்த வருஷம். கடையில குடுத்து, பழசுல இருந்ததை அப்படியே புதுசுல ஏத்தி வாங்கினோம்."

"அப்படியே ஏத்துனதுதான் பிரச்சனை. டிஸ்க்குங்கறது கட்டம் கட்டமா இருக்கும். பழையதுல கட்டம் சின்னது, புதுசுல பெரிசு. நினைவெல்லாம் உக்காரற பகுதி, பார்ட்டிஷன்னு சொல்வாங்க, அது எந்தக் கட்டத்துல ஆரம்பிக்கணும்னு பார்த்து வைக்காம விட்டுட்டாங்க. அதனால அக்காவோட ஒவ்வொரு நினைவும் ரெண்டு கட்டத்துல காலை வெச்சுக்கிட்டு நிக்குது. ஒண்ணை எழுத ரெண்டைப் படிக்கணும், ரெண்டையும் திருப்பி எழுதணும். டிஸ்க் காலியா இருக்கறவரைக்கும் பெருசாத் தெரிஞ்சிருக்காது. இப்ப நிறைஞ்சு போச்சு."

"அதனாலதான் பேச்சுல பாதியில நிக்கிறனா?" என்றாள் சோபாவில் இருந்த பூங்கோதை.

"ஆமாக்கா. அதைவிட, இந்த இழுபறியில டிஸ்க்கே தேஞ்சுட்டு வருது. இப்படியே விட்டா மழைக்காலம் தாண்டாது."

"புதுசா ஒண்ணு வாங்கி, சரியா ஏத்திட்டா?" என்று கேட்டார் மாதேஸ்வரன். பம்புசெட் கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவில் இருப்பவர். எந்தச் சிக்கலுக்கும் நேர்வழி ஒன்று இருக்கும் என்று நம்புகிறவர்.

"நகல் எடுக்க இப்ப சட்டம் விடாது சார். உங்களுக்கு ஏத்திக் குடுத்தது அதுக்கு முன்னாடி. நடுவுல நினைவை நகல் எடுத்து விக்க ஆரம்பிச்சாங்க. ஒருத்தன் விவாகரத்து கேஸுல பொண்டாட்டியோட நினைவையே கோர்ட்டுல போட்டுக் காட்டுனான். அதுக்கப்புறம் ஒரு ஆளுக்கு ஒரே பிரதிதான்னு ஆயிருச்சு. அதே டிஸ்க்குக்குள்ளேயே எல்லாத்தையும் கொஞ்சம் தள்ளி உக்கார வைக்கணும். பஸ்ஸுல எல்லாரையும் ஒரு சீட் தள்ளி உக்காரச் சொன்னா, கடைசியில இருக்கறவர்தான் முதல்ல எந்திரிக்கணும். அந்த மாதிரி கடைசி நினைவுல ஆரம்பிச்சு முதல் நினைவு வரைக்கும். காலையில தொடங்குனா சாயங்காலம் ஆயிரும். அதுவரைக்கும் பெட்டியை அக்காவோட இணைக்க முடியாது."

முதலில் கணக்குப் போட்டு முடித்தவள் பூங்கோதைதான்.

"அப்ப அன்னைக்குப் பூரா நான் காய்ச்சலுக்கு முன்னாடி இருப்பேன்."

ஃபர்ஹானா தலையசைத்தாள்.

"தூரி பத்தாவது படிச்சிட்டு இருப்பா" என்றாள் பூங்கோதை.

மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பார்த்தார்கள். காய்ச்சல் தின்ற மூளைக்கு அத்தனை நேர மயக்கம் ஆகாது என்று அவர் மறுத்துவிட்டார். வேலைக்கு நாள் குறித்த பிறகு ஒரு பிற்பகல், துணி மடித்துக்கொண்டே பூங்கோதை பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, அன்னைக்கு நான் அவளைக் கேட்பேன்."

"தெரியும்."

"உள்ளதைச் சொல்லிருங்க. பொய் சொல்லி என்னைச் சிரிக்க வெக்காதீங்க. பொண்ணு செத்தது தெரியாம வீட்டுல சுத்தி வந்தேன்னு இருக்கக் கூடாது."

"ஒவ்வொரு தடவையும் சொல்லோணுமா?"

அவள் துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "ஒவ்வொரு தடவையும்தான்."

அவர் சரி என்றார்.

அந்த நாள் காலையில் ஃபர்ஹானா மின்சாரம் போனாலும் தாங்கும்படி ஒரு பெரிய பேட்டரியைக் கொண்டுவந்து பெட்டியோடு சேர்த்தாள். கூடத்து மூலையில் உட்கார்ந்துகொண்டாள். பூங்கோதை குளித்துத் தலைவாரி, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, "ஆரம்பிங்க" என்றாள். ஃபர்ஹானா இணைப்பை நிறுத்தினாள்.

வெளியே பார்த்தால் எதுவும் மாறவில்லை. பூங்கோதை கண்ணைச் சிமிட்டினாள். மூலையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்துப் புன்னகைத்தாள், வீட்டுக்கு வந்த யாரையோ பார்ப்பதுபோல.

"இவங்க யாருங்க?"

"நெட் ரிப்பேர் பண்ண வந்திருக்காங்க."

"காபி குடிச்சாங்களா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தவள் சுவருக்கு எதிரில் நின்றாள். மாலை போட்டிருந்த படத்தைக் கழற்ற வேண்டாம் என்று அவளே சொல்லியிருந்தாள். படத்தில் இருந்தது கல்லூரி மாணவி. முடியைக் குட்டையாக வெட்டி, மூக்குத்தி போட்டு, யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க இந்தப் பொண்ணு?" என்றாள் பூங்கோதை. "நம்ம தூரி சாடையில இருக்குது. உங்க பக்கத்துச் சொந்தமா? பாவம், சின்ன வயசு."

மாதேஸ்வரன் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். கொடுத்த வாக்கின்படி எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சல் வந்தது, பிழைத்தது, ஆண்டுகள் போனது, தூரி வளர்ந்தது, கல்லூரிக்குப் போனது, லாரி. தூரிகா இறந்த அன்று இதே கூடத்தில், இதே சோபாவில் வைத்து அவர்தான் அவளிடம் சொல்லியிருந்தார். அன்று சொன்ன அதே சொற்கள் வரிசை மாறாமல் வாயில் வந்தன.

அவள் முதலில் நம்பவில்லை. படத்துக்கு அருகில் போய், கண்ணாடிமேல் கை வைத்து அந்தக் கன்னத்தில் இருந்த மச்சத்தைத் தேடினாள். இருந்தது. பிறகு அவளிடமிருந்து எழுந்த சத்தத்தைக் கேட்டு ஃபர்ஹானா மடிக்கணினியை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றாள். என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பூங்கோதை தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "காலையில தலை பின்னி விட்டனே, காலையில தலை பின்னி விட்டனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்கு அது இன்று காலைதான். மாதேஸ்வரன் அவளைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

அழுகை மெல்ல அடங்கியது. பிறகு அவள் மூச்சு சீரானது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கை ஈரமாக இருப்பதைப் பார்த்து வியந்தாள்.

"ஏனுங்க, எதுக்குத் தரையில உக்காந்திருக்கறோம்?"

அவள் எழுந்து திரும்பினாள். "யாருங்க இந்தப் பொண்ணு?" என்று கேட்டாள்.

மாதேஸ்வரன் ஃபர்ஹானாவைப் பார்த்தார். ஃபர்ஹானா தரையைப் பார்த்தாள்.

"தூரத்துச் சொந்தம்" என்றார்.

பூங்கோதை காபி போட அடுக்களைக்குள் போனதும் அவர் ஸ்டூல் போட்டு ஏறி, படத்தை மாலையோடு கழற்றிப் படுக்கையறை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

அதன்பின் அந்த நாள் வேறு நாளாகிவிட்டது.

"தூரி எங்க?" என்று அவள் கேட்பாள். "ட்யூஷன்" என்பார் அவர். "இன்னைக்கு லீவு நாளாச்சே?" "பரீட்சை வருதில்ல, ஸ்பெஷல் கிளாஸ்." அவள் முகம் தெளிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் மறந்து மீண்டும் கேட்பாள். ஒவ்வொரு முறையும் அவர் பதில் இன்னும் சரளமாக வந்தது. நிலைக்கண்ணாடியில் தன் நரைத்த முடியைப் பார்த்துத் திகைத்தபோது, "காய்ச்சல்ல முடி நரைச்சிருச்சு, சரியாயிரும்" என்றார். அதையும் நம்பினாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அடுக்களையில் மாவு கரைத்தாள். தூரிக்கு வெல்லம் போட்டுச் சுடற கச்சாயம் பிடிக்கும், பசியோடு வருவாள் என்றாள். மாதேஸ்வரன் மேடையருகே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பதினொண்ணாவதுக்கு அவளுக்கு பயாலஜி வேண்டாமாங்க. வீடு கட்டற படிப்புத்தான் படிப்பாளாம். எங்கிட்டத்தான் சொன்னா, உங்ககிட்டச் சொல்லப் பயம்."

"அவ இஷ்டம்தான். படிக்கட்டும்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அப்படியேதான் நடந்திருந்தது. ஆர்க்கிடெக்சர் சேர்ந்து, இந்த வீட்டுக்கே மேல்தளம் வரைந்து காட்டியிருந்தாள். அது எதுவும் தெரியாமல் பூங்கோதை சிரித்தாள். கரண்டியோடு கையை வீசிப் பேசினாள். பாதியில் எங்கும் நிற்கவில்லை. இப்படி அவள் பேசிப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று நினைத்தபடி அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "தூரிக்கு ஒரு மூக்குத்தி வாங்கோணுங்க, கேட்டுட்டே இருக்கறா" என்றாள். "வாங்கலாம்" என்றார். வெளியே ஏதோ ஒரு ஸ்கூட்டர் வேகம் குறைந்தது. அவர் சட்டென்று எழுந்து ஜன்னலருகே போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரரின் வண்டி. எதற்கு எழுந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அவதானுங்களா?" என்றாள் அவள் உள்ளிருந்து.

"இல்ல. இப்ப வந்துருவா."

வெயில் சாய்ந்த பிறகு ஃபர்ஹானா வந்து அடுக்களை வாசலில் நின்றாள். மாதேஸ்வரன் அவளோடு கூடத்துக்கு வந்தார்.

"முடிஞ்சுது சார். எல்லாம் சரியா உக்காந்திருச்சு. ஒண்ணுகூட விட்டுப்போகலை. இணைச்சுரலாமா?"

அடுக்களையில் எண்ணெய் சடசடத்தது. அவள் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் போகட்டுங்க."

"சரி சார்."

கொஞ்ச நேரம் போனது. அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இணைக்காமலே விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"அதை நான் சொல்லக் கூடாது சார்." பிறகு தயங்கிச் சொன்னாள். "உங்களுக்கு ஒண்ணு தெரிஞ்சிருக்கணும். பெட்டி இல்லைன்னாலும் அந்தச் சில்லு எழுதுறதை நிறுத்தறதில்ல. அதுல இருக்கறதை அக்காவால படிக்கத்தான் முடியாது. இணைச்ச உடனே இன்னைக்கு நடந்தது முழுக்கப் பெட்டிக்குள்ள போயிரும்."

"முழுக்கவா?"

"காலையில நீங்க சொன்னது. அதுக்கப்புறம் சொன்னது. எல்லாம்."

அவர் பெட்டியின்மேல் கையை வைத்தார். "இன்னைக்கு நாளை மட்டும் அழிக்க முடியுங்களா?"

"முடியும். ஆனா அவங்க சம்மதிக்கணும். இணைஞ்சிருக்கும்போது, தெரிஞ்சு சம்மதிக்கணும்."

மாதேஸ்வரன் அடுக்களைக்குப் போனார். பூங்கோதை கச்சாயம் ஒன்றைப் பிட்டு ஊதி அவர் வாயில் வைத்தாள். "வெல்லம் சரியா இருக்குதுங்களா?" என்றாள். சரியாக இருந்தது. அவர் தலையசைத்துவிட்டு, திரும்பி ஃபர்ஹானாவைப் பார்த்து இன்னொரு முறை தலையசைத்தார்.

ஃபர்ஹானா பெட்டியை இணைத்தாள். பூங்கோதை அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அவள் தோள்கள் இறங்கின. கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். ஓரமாக எடுத்து வைத்திருந்த சின்னத் தட்டைப் பார்த்தாள். மகளுக்கென்று வைத்தது. பிறகு அவரைக் கடந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஃபர்ஹானா பேட்டரியையும் கம்பிகளையும் பைக்குள் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டாள்.

அன்று அவள் அவரோடு பேசவில்லை. படத்தைத் தேடி, சாவி எடுத்துப் பீரோவைத் திறந்து, அதைப் பழைய இடத்தில் தானே மாட்டினாள். சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்து அவர் எழுந்தபோது பக்கத்தில் அவள் இல்லை. வழக்கமாக அவர்தான் முதலில் எழுவார். அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காபி டம்ளர்கள் ஆடை படிந்து ஆறிப்போயிருந்தன.

"நேத்து நான் வாக்குத் தவறிட்டேன்" என்றார்.

"ஒரு தடவை சொன்னீங்கல்ல."

"ரெண்டாவது தடவை முடியல கோதை."

"தெரியுது. உங்க மூஞ்சியைப் பார்த்தேன். அப்ப புரியல, இப்பப் புரியுது." டம்ளரை நகர்த்தினாள். "நான் அதுக்காக எந்திரிச்சு உக்காரலைங்க. உங்ககிட்டச் சொல்லாத ஒண்ணு இருக்குது."

அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"தெனமும் காலையில முழிப்பு வந்ததும் பெட்டி உடனே பதில் சொல்லாது. இழுத்துட்டுத்தான் வரும். அது வர்ற வரைக்கும் தூரி இருப்பா. அந்த ரூமுல தூங்கிட்டு இருப்பா. எழுப்போணும், டிபன் கட்டோணும்னு தோணும். அதுக்கப்புறம்தான் அது வந்து சேரும். கண்ணைத் திறக்காமப் படுத்திருப்பேன், இன்னும் கொஞ்சம் இழுக்கட்டும்னு. இப்பக் கோடையில நல்லா இழுத்துச்சு." நிறுத்தினாள். "இன்னைக்கு முழிப்பு வர்றதுக்கு முன்னாலயே வந்துருச்சுங்க."

மாதேஸ்வரனுக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது. எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்ததாக நினைத்திருந்தார்.

"அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுப் பழையபடி மாத்தச் சொல்றேன். முடியும். ஒரு கட்டம் தள்ளி வெச்சாப் போதும்" என்றார்.

"டிஸ்க் போயிரும்."

"போகட்டும். போறவரைக்கும் உனக்கு அது இருக்கட்டும்."

"போனதுக்கப்புறம் தெனமும் நேத்து மாதிரித்தான். நான் கச்சாயம் சுட்டுட்டு இருப்பேன், நீங்க ஜன்னல்கிட்ட நிப்பீங்க. அவ செத்ததை நீங்க ஒருத்தரே வெச்சுக்கோணும்." அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பறம், நேத்து நான் காத்துட்டு இருந்தது ரெட்டை ஜடை போட்ட புள்ளைக்குங்க. மூக்குத்தி போட்டவளைப் பார்த்து யாருன்னு கேட்டனே. அவ வளர்ந்தது பூரா இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்குது. செத்ததும் இதுக்குள்ளதான் இருக்குது. ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை எடுக்க முடியாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. மகளை எடுத்துப்போன அன்றுகூட அவளுக்காக அடக்கிக்கொண்டிருந்தார். இப்போது அடக்கவில்லை. அவள் எழுந்து வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஓயும் வரை அப்படியே நின்றாள்.

பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அந்தக் கடைசி நாள் காலை எனக்கு எப்பவும் முழுசா வந்ததில்லைங்க. அவ வண்டிச் சாவியை எடுக்கற வரைக்கும்தான் வரும், அப்பறம் நின்னுக்கும். இன்னைக்கு மிச்சமும் வந்துச்சு."

அன்று காலை அவர் முன்னதாகவே வேலைக்குப் போயிருந்தார். மகள் எப்படிக் கிளம்பினாள், கடைசியாக என்ன பேசினாள் என்று அவருக்குத் தெரியாது. இவளைக் கேட்டுத் துன்பப்படுத்தக் கூடாதென்று கேட்டதும் இல்லை.

"என்ன சொன்னா?"

"பெருசா ஒண்ணுமில்ல. கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தா. 'உன் சார்ஜரை எடுத்துட்டுப் போறேம்மா, தேடிட்டு இருக்காத'ன்னா. நான் குழம்பைக் கிளறிட்டே, சரி போன்னேன். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கல. வண்டியை எடுக்கற சத்தம் கேட்டுச்சு. அவ்வளவுதான்."

மாதேஸ்வரன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

அவள் முதலிலிருந்து சொன்னாள்.